காலிக்குப் போன கதை

சாங்கி விமான நிலையத்தில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் சேதுபதியின் பாஸ்போர்ட்டை இரண்டு தடவை புரட்டினாள். மூன்றாவது தடவை புரட்டும்போதே லீலா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஐந்து மாதமும் பதினேழு நாளும் இருந்தன. ஸ்ரீலங்காவுக்குப் போவதென்றால் ஆறு மாதம் இருக்க வேண்டுமாம். பதிமூன்று நாள்தானே குறைகிறது, கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுக்கக் கூடாதா என்று காய்கறிக் கடையில் கொசுறு கேட்பதுபோல் கேட்டார் சேதுபதி. அந்தப் பெண் மிகவும் மரியாதையாக முடியாது என்றாள்.

“ஊர் பேரே காலி. அப்பவே நெனச்சேன்,” என்றாள் லீலா.

காலி என்பது ஸ்ரீலங்காவின் தெற்கு மூலையில், கடலை ஒட்டிப் பெரிய மதில் சுவருக்குள் இருக்கும் பழைய ஊர். கோட்டை உண்டு, வெள்ளை வெளேரென்று ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. சேதுபதிக்கு அந்த ஊர்மேல் தனிப்பட்ட ஆசை ஒன்றும் கிடையாது. தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஏர்கான்களைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் அவர். ஐம்பத்து மூன்று வயதுவரை அவர் பார்த்த வெளிநாடு, பாலம் தாண்டினால் வரும் மலேசியாவின் ஜொகூர் பாருதான்.

எல்லாம் மகள் வைஷாலியால் வந்தது. அவள் சிங்கப்பூரிலேயே வளர்ந்த யதீசன் என்ற யாழ்ப்பாணத் தமிழ்ப் பையனை விரும்பினாள். பையன் நல்லவன், அதிகம் பேசமாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் அப்பா ஏரம்பமூர்த்தி பேசுவார். முதல்முறை பெண் வீட்டாராக அவர் வீட்டுக்குப் போனபோது, சுவர் முழுக்க அவரும் அவர் மனைவி கமலாம்பிகையும் வெள்ளைக் கலங்கரை விளக்கத்தின் கீழே நிற்கும் படங்கள். வருஷத்துக்கு ஒரு படம். வருஷம் தவறாமல் காலிக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தால்தான் தனக்கு மூச்சே வரும் என்றார் அவர். நீங்கள் போனதுண்டா என்றும் கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். “அடுத்த மாசம் போறோம்,” என்றார் சேதுபதி. லீலாவுக்குப் புரையேறியது.

அதைவிடக் கெடுதல், கிளம்பும்போது ஏரம்பமூர்த்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். “எங்களுக்கு வேற ஒண்டும் வேண்டாம், சம்பந்தி. பொய் பேசாத குடும்பமா இருந்தாக் காணும்.”

ஆக, சொன்ன பொய்யை உண்மையாக்குவதற்காக லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, புதன்கிழமை காலை விமான நிலையத்துக்கு வந்த மனிதரைத்தான் பதிமூன்று நாள் காலை வாரிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஏரம்பமூர்த்தி வீட்டில் கல்யாணத் தேதி குறிக்கப் போகிறார்கள். சனிக்கிழமைதான் இவர்கள் திரும்பி வருவதாக ஏற்பாடு.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் லீலா. பாஸ்போர்ட் தேதியைக்கூடப் பார்க்கத் தெரியாத ஆள் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்றார் சேதுபதி. ஃபேரர் பார்க்கில் இருக்கும் சொந்த வீட்டுக்கும் போக முடியாது. வைஷாலிக்குத் தெரிந்தால் அடுத்த நிமிஷம் யதீசனுக்குத் தெரியும். கடைசியில் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஜன்னல் இல்லாத ஒரு சின்ன ஹோட்டலில் அறை எடுத்தார்கள். பெட்டியை உருட்டிக்கொண்டு சிராங்கூன் ரோட்டைக் கடக்கும்போது சேதுபதி தலையில் தொப்பியும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியும் மாட்டியிருந்தார். தெரிந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அவர் நினைத்தார்.

பிற்பகலில் வைஷாலியிடமிருந்து செய்தி வந்தது. பரோட்டாக் கடை அதீஃப் அப்பாவைத் தெருவில் பார்த்தாராம், தொப்பி நல்லா இருக்கு என்றாராம். உலகத்தில் ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பார்கள் என்று பதில் போட்டார் சேதுபதி. ‘அப்போ ஃபோட்டோ அனுப்புங்கப்பா’ என்று அவள் கேட்டாள். ஏரம்பமூர்த்தி ‘சம்பந்தம்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தார். அதிலும் அவர் அதையே கேட்டிருந்தார்.

கோட்டை, வாசல், வெள்ளைக் கலங்கரை விளக்கம். சேதுபதி யோசித்தார். இவை மூன்றும் ஒரே இடத்தில் இருக்க, மனிதன் எதற்குக் காலி வரைக்கும் போக வேண்டும்? மறுநாள் டோபி காட்டில் ரயிலைவிட்டு இறங்கி ஃபோர்ட் கேனிங் குன்றில் ஏறினார்கள். பழைய கோட்டை வாசலில் ஒரு படம், பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு படம், அங்கே நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கத்தின் கீழே ஒரு படம். மூன்றிலும் லீலா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஏரம்பமூர்த்திக்கு ஒரே மகிழ்ச்சி. ‘அதே இடம்! அப்படியே கிடக்கு!’ என்று எழுதினார். கடல் படம் எங்கே என்றும் கேட்டார்.

கடலுக்கு ஈஸ்ட் கோஸ்ட். மாலையில் எடுத்து அனுப்பிய பிறகுதான் லீலா காட்டினாள், அடிவானத்தில் வரிசையாக நாற்பது சரக்குக் கப்பல்கள். ஏரம்பமூர்த்தியும் பார்த்துவிட்டார். காலிக் கடலில் இத்தனை கப்பல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

இந்த மாதம் இங்கே கப்பல் திருவிழா என்று சேதுபதி தட்டிவிட்டார். தட்டிய விரலையே வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பதில் உடனே வந்தது: ‘ஓம் ஓம், போன வருஷம் நாங்களும் பார்த்தனாங்கள். நல்ல சனம்.’

“நான் சும்மா அடிச்சு விட்டேன், அங்க நெஜமாவே இருக்குது போல,” என்றார் சேதுபதி. தன் வாயில் வருவதெல்லாம் பலிக்கிறது என்று அவருக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

அந்தத் தெம்புதான் வெள்ளிக்கிழமை காலை அவரைக் கவிழ்த்தது. ஏழேகால் மணிக்கு ஈஸ்ட் கோஸ்டில் அருமையான சூரிய உதயம். எடுத்தார், அனுப்பினார். லீலா தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏங்க, ஸ்ரீலங்காவுல இப்ப விடிஞ்சிருக்கவே விடிஞ்சிருக்காது. அங்க நாலே முக்கால் மணி.”

படத்தை அழித்தார். அழித்ததாக எல்லோருக்கும் ஒரு வரி போய்ச் சேர்ந்தது. என்ன அனுப்பினீர்கள், ஏன் அழித்தீர்கள், ஏதும் பிரச்சினையா என்று கமலாம்பிகை கேட்டாள். லீலாவுக்குக் காய்ச்சல், காய்ச்சல் பார்க்கும் கருவியின் படம் தவறிப்போய் வந்துவிட்டது என்றார் சேதுபதி. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் தனக்குக் காய்ச்சல் வரவழைத்ததற்காக லீலா அவரோடு பேசுவதை நிறுத்தினாள்.

பத்து நிமிஷத்தில் ஏரம்பமூர்த்தியே ஃபோனில் வந்தார். கவலைப்பட வேண்டாம், தன் மச்சான் மாசிலாமணி காலியில்தான் இருக்கிறார், மருந்தும் ஒரு பார்சலும் கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். எந்த ஹோட்டல்? சேதுபதிக்கு ஒரு பெயரும் வரவில்லை. ஹோட்டல் மாறிக்கொண்டிருக்கிறோம் என்றார். அப்படியென்றால் நாலு மணிக்குக் கலங்கரை விளக்கத்தடியில் நில்லுங்கள், அவர் வந்து பார்ப்பார் என்றார் ஏரம்பமூர்த்தி.

அன்று பகல் முழுக்க ஜன்னல் இல்லாத அறையில் இருவரும் பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலி நேரம் நாலு மணிக்கு, அதாவது இங்கே ஆறரைக்கு, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஓர் அப்பாவி மனிதர் மருந்தோடு நிற்பார். ஏழு மணிக்கு ஏரம்பமூர்த்தியைக் கூப்பிடுவார். ஏழரைக்கு வைஷாலியின் கல்யாணம் நின்றுவிடும். பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில்கூட சேதுபதி இவ்வளவு பயந்ததில்லை.

ஏழே முக்காலுக்குச் செய்தி வந்தது. ‘மாசிலாமணி உங்கள் இருவரையும் கண்டவராம். பார்சல் தந்தவராம். லீலா அக்காவுக்குக் காய்ச்சல் குறைஞ்சு முகம் தெளிவா இருக்காம். சந்தோஷம்.’

சேதுபதி அதை நான்கு தடவை படித்தார். லீலா மௌனத்தைக் கலைத்தாள்.

“யாரைப் பாத்துட்டு நாமன்னு நெனச்சாரு?”

யோசித்துப் பார்த்ததில் அவளே விடையும் கண்டுபிடித்தாள். மாசிலாமணி வெயிலில் போகச் சோம்பல்பட்டு வீட்டிலேயே படுத்திருப்பார். மச்சானிடம் பார்த்துவிட்டேன், கொடுத்துவிட்டேன் என்று கதை விட்டிருப்பார். குடும்பத்துக்கு ஓர் ஆள் இப்படி இருப்பதுண்டு. ஆனால் பார்சலுக்கு நன்றி சொல்ல வேண்டுமே, உள்ளே என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? பணியாரம் பிரமாதம் என்று குத்துமதிப்பாக எழுதினார் சேதுபதி. ‘ஓம், அவன்ர வீட்டுப் பணியாரம் எண்டால் தனிச் சுவை’ என்று பதில் வந்தது.

சனிக்கிழமை பெட்டியோடு சாங்கிவரை ரயிலில் போய், அங்கிருந்து டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். வைஷாலி ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

“அப்பா, நீங்க அங்க போனதுல யதீசன் அப்பா செம ஹேப்பிலா. நம்மள அவங்க ஃபேமிலின்னே சொல்றாரு.”

சேதுபதிக்குத் தாங்கவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். ஆனால் பொய் பேசாத குடும்பம் வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்ட மனிதரிடமா அதைச் செய்வது? தன்னை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. நாளைக்குத் தேதி குறிக்கும் முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். கல்யாணம் நின்றால் மகள் காலில் விழுவதற்கும் தயாராக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஏரம்பமூர்த்தி வீட்டுக் கூடத்தில் சேதுபதி தொண்டையைச் செருமினார்.

“சம்பந்தி, நான் ஒண்ணு சொல்லணும். காலி விஷயமா.”

ஏரம்பமூர்த்தி அவரை முந்திக்கொண்டார். மாசிலாமணி சொன்னதையெல்லாம் வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் எடுத்து விட்டார். சேதுபதி கலங்கரை விளக்கத்தடியில் நின்ற நிற்பு, பார்சலை இரு கையாலும் வாங்கிய பணிவு, லீலா தலையில் கட்டியிருந்த நீலத் துணி, எல்லாம் வந்தன. இவ்வளவு நல்ல மனிதரை நான் பார்த்ததே இல்லை என்று மாசிலாமணி கண் கலங்கினாராம். அங்கே இருந்த எல்லோரும் சேதுபதியை அன்போடு பார்த்தார்கள்.

இப்போது உண்மையைச் சொன்னால் மாசிலாமணி பொய்யர் ஆவார். மச்சானுக்கும் மச்சானுக்கும் சண்டை வரும், கல்யாண வீடு இழவு வீடாகும். லீலா அவர் தொடையைக் கிள்ளினாள்.

“என்ன சொல்ல வந்தனீங்கள்?” என்றார் ஏரம்பமூர்த்தி.

“மாசிலாமணி தங்கமான மனுஷன்,” என்றார் சேதுபதி.

“தங்கம்,” என்றார் ஏரம்பமூர்த்தி.

தை மாதம் பதினெட்டாம் தேதி என்று முடிவாயிற்று. கமலாம்பிகை எல்லோருக்கும் பாயசம் கொடுத்தாள். வைஷாலியின் முகத்தைப் பார்த்தபோது தான் வாயை மூடியது சரிதான் என்று சேதுபதிக்குத் தோன்றியது. ஆனாலும் பாயசம் இனிக்கவில்லை. உத்தமரான ஒருவரை ஏமாற்றிவிட்டோமே என்று நெஞ்சு உறுத்திக்கொண்டே இருந்தது.

விடைபெறும்போது மாப்பிள்ளை யதீசன் லிஃப்ட் வரைக்கும் கூட வந்தான். லீலாவும் வைஷாலியும் வாசலில் கமலாம்பிகையோடு பேசிக்கொண்டு நின்றார்கள். வழக்கம்போல யதீசன் ஒன்றும் பேசவில்லை. லிஃப்ட் வந்து கதவு திறந்ததும் சேதுபதியின் காதருகே குனிந்தான்.

“மாமா, அடுத்த தரம் ஃபோர்ட் கேனிங் லைட்ஹவுசுக்கு இடப்பக்கமா நில்லுங்கோ, பின்னால கட்டடம் படத்தில விழாது. பிளேன் ஏறப் பயந்த எங்கட அப்பாவ பன்னிரண்டு வருஷமா அங்க நிப்பாட்டித்தான் நான் காலிப் படம் எடுக்கிறன்.”