கம்பளி பாயும் ஆறாவது பாட்டும்

கம்பளிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, வாங்க வந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு "வேண்டாமுங்க, போயிருங்க" என்று கெஞ்சிய வியாபாரி ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் கம்பளி பாய்.

ஏற்காட்டுக்கு எனக்கு மாற்றலான வருஷம், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு ஸ்வெட்டர் கடையின் மாடியில் குடியிருந்தேன். கடை பாயின் அக்காவுடையது. பாய்க்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தானே பாட்டெழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே கிடார் வாசித்துப் பாடி, பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுவார். சினிமாவில் முயற்சி செய்யலாமே என்றால், "எம்பாட்டை நானே பாடிக்கிறனுங்க சார். அவங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்?" என்பார்.

அவருடைய ஸ்டுடியோ கடையின் பின்னறை. நாலு பக்கமும் கயிறு கட்டி, விற்பனைக்கு வந்த கம்பளிகளை அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு, தலைக்கு மேலேயும் இரண்டைப் போட்டு மூடிவிடுவார். உள்ளே பாய், கிடார், மைக், லேப்டாப். கம்பளி சத்தத்தைக் குடித்துவிடும். எதிரொலி துளியும் இருக்காது. ஒருநாள் என்னையும் உள்ளே கூப்பிட்டுப் பாடிக் காட்டினார். குரல் நேராக என் காதுக்குள் வந்து குடியேறிவிட்டது. உடம்பு சிலிர்த்தது. அந்தப் புழுக்கத்தில் வேர்த்தும் கொட்டியது, அது வேறு விஷயம்.

அந்தப் பனிக்காலத்தில் பாய்க்கு மூச்சுவிட நேரமில்லை. பொங்கல் கழிந்ததும் சென்னையில் ஒரு மேடை. அங்கே தன் ஆறு பாட்டுகளை வெளியிடப்போவதாக உலகத்துக்கே சொல்லிவிட்டார். வாரக் கடைசியில் ரிசார்ட்டுகளில் கச்சேரி. நடுவில் வாழவந்தியில் ஒரு கல்யாண வரவேற்பு, மாரமங்கலத்தில் ஒரு பொங்கல் விழா. மேடைக்குக் கடை ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொள்வார். திரும்ப அலமாரியில் வைக்க வேண்டுமே என்று விலைச்சீட்டைக் கிழிக்கமாட்டார். அது கழுத்தோரம் ஆடிக்கொண்டிருக்கும். அதுதான் இப்போதைய ஸ்டைல் என்று நினைத்து, கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் தாங்களும் சீட்டோடு திரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

வினை அந்தக் கச்சேரிகளில்தான் இருந்தது. பாய் பாட ஆரம்பித்தால் ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். புல்தரையில் பனி தலையில் இறங்க இறங்க உட்கார்ந்திருப்பார்கள். மறுநாள் காலையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நேரே அக்கா கடைக்கு வந்து கம்பளி கேட்பார்கள். பாய் நன்றாகப் பாடப் பாட அவருடைய ஸ்டுடியோ விற்றுத் தீர்ந்தது. மூன்றாவது பாட்டுக்குள் ஒரு பக்கச் சுவர் காலி. நான்காவது முடிவதற்குள் கூரையில் பாதி கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. புதுச் சரக்கு தை மாதக் கடைசியில்தான் வரும் என்று அக்கா கையை விரித்துவிட்டார்.

ஒரு அம்மாள் சிவப்புக் கம்பளி ஒன்றைத் தடவிப் பார்த்தார். பாய் பாய்ந்து வந்தார்.

"அதுங்களா? நொம்பக் கடிக்குமுங்க. போத்துனீங்கன்னா விடிய விடியச் சொறியோணும்."

"டேய்!" என்றார் அக்கா உள்ளேயிருந்து. "நீ பாடித்தான் சனம் வருது. வந்த சனத்தை நீயே தொரத்துனா என்னடா அர்த்தம்?"

"அக்கா, அது என் தலைக்கு மேல இருக்க வேண்டிய கம்பளிக்கா!"

பாய் பதிவுசெய்யும்போது வெளிச்சத்தம் உள்ளே போகாமல் என் பங்குக்கு வாசலில் காவல் நின்றேன். "மஞ்சக்குட்டை, மஞ்சக்குட்டை!" என்று ஊர்ப் பெயரைக் கத்தி ஆள் கூப்பிடுகிற ஜீப் டிரைவரிடம் பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். "பாய் பாடறாருங்களா? மொதல்லயே சொல்லப்படாதுங்களா?" என்றவர், அன்றிலிருந்து வெறும் கையை ஆட்டியே ஜீப்பை நிரப்பினார். ஒரு மனிதனின் பாட்டுக்காக பஸ் ஸ்டாண்டே வாயைப் பொத்திக்கொண்டதை அங்கேதான் பார்த்தேன்.

விடிந்தால் சென்னைப் பயணம். ஆறாவது பாட்டு பாக்கி. கேட்காமல் வீட்டுக்குள் நுழைகிற பனியைப் பற்றிய பாட்டு. பாய்க்கு அதுதான் உயிர். மிச்சமிருந்த கம்பளிகளை நெருக்கிக் கட்டி உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்து, மலைப்பாதையில் மரம் விழுந்து ஒரு டூரிஸ்ட் பஸ் திரும்பி வந்தது. மரத்தைத் தள்ளப் பார்த்து எல்லோரும் மழையில் தொப்பலாகியிருந்தார்கள். மழை விட்டுவிட்டது, குளிர் விடவில்லை. கடைக்குள் வந்து நடுங்கி நின்றார்கள். அக்கா பின்னறையைப் பார்த்தார்.

கம்பளி இடுக்கில் பாயின் தலை நீண்டது. 'கடிக்குமுங்க' வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் ஒரு சின்னப் பெண்ணின் பற்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தார். கயிற்றைத் தானே அவிழ்த்தார்.

"மொதல்ல போத்திக்குங்க கண்ணு. எல்லாரும் எடுத்துக்குங்க."

கொஞ்ச நேரத்தில் ஸ்டுடியோ போய் நாலு வெறும் சுவர் நின்றது. பாய் கிடாரை ஒருமுறை மீட்டினார். காலி அண்டாவுக்குள் கரண்டி விழுந்த சத்தம். "போச்சுங்க சார். அஞ்சு பாட்டோடதான் போகோணும்" என்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அக்கா டீ போட்டார். காற்றுக்கு ஒதுங்கி எல்லோரும் பின்னறைக்குள் வந்து, சுவரோரம் தலை வரை போர்த்தி உட்கார்ந்தார்கள். அந்தச் சின்னப் பெண்ணைச் சிரிக்கவைக்க பாய் மறுபடி தந்தியைத் தட்டினார். கை நின்றது. இன்னொரு முறை தட்டினார். எதிரொலி இல்லை.

"ஏனுங்க சார்! கம்பளி எங்கீங்க போச்சு? அத்தனையும் இங்கதானுங்க உக்காந்திருக்குது!"

அப்புறம் அவர் மனிதர்களைக் கொண்டு ஸ்டுடியோ கட்டினார். "அண்ணா, நீங்க அந்த மூலைக்கு வாங்க. அம்மா, தலையை நல்லா மூடிக்குங்க. சார், கதவோரம் இடைவெளி இருக்குது, நீங்களும் ஒண்ணைப் போத்திட்டு அங்க நில்லுங்க." என் கையில் ஒரு நீலக் கம்பளி வந்தது.

பாடினார். ஒரு பஸ் கூட்டமே மூச்சை அடக்கிக் கேட்டது. யாரென்றே தெரியாதவர்கள் ஒருவருக்காக இப்படிச் சுவராக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டு முடிந்து கடைசித் தந்தி அடங்கிக்கொண்டிருந்தபோது, நான் இருமிவிட்டேன். அத்தனை கம்பளிகளும் திரும்பி என்னை முறைத்தன.

பாய் சிரித்தார். "இருந்துட்டுப் போகட்டுமுங்க. உள்ள ஆளு இருந்தாங்கன்னு கேக்கறவங்களுக்குத் தெரியோணுமில்லீங்க?"

சென்னையில் ஆறு பாட்டும் வெளிவந்தன. ஆறாவதின் கடைசியில் கேட்கிற இருமல் அடியேனுடையது. இப்போது நான் சேலத்தில் இருக்கிறேன். கத்திரி வெயிலிலும் அந்தப் பாட்டைப் போட்டால், அன்றே விலைக்கு வாங்கிக்கொண்ட அந்த நீலக் கம்பளியை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். பாய் சொன்னது சுத்தப் பொய். அது ஒருநாளும் கடித்ததில்லை.