மடிக்கணினியின் நான்கு தட்டுகள்

ஊழியரின் மனம் குளிர்ந்தால்தான் குடிமக்களின் குழாயில் தண்ணீர் வரும் என்பது குடிநீர் வழங்கல் துறையின் நெடுநாள் கொள்கை. தண்ணீர் வராததற்குச் சொல்லிக்கொள்ள வேறு காரணம் எதுவும் மிச்சமில்லாத ஒரு கோடையில் இந்தக் கொள்கை பிறந்தது. அதன்படி துறையிலுள்ள நானூற்றுப் பன்னிரண்டு எழுத்தர்களுக்கும் ஆளுக்கொரு மடிக்கணினி வழங்கப்பட்டது. கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? வாங்கியவர்கள் மகிழ்ந்தார்களா என்று தெரிய வேண்டாமா? ஆகவே பத்து மாதம் பொறுத்து, சாதனத்தின் நிறை குறைகளைக் கேட்டு 'உரிமையாளர் கருத்துப் படிவம்' என்று ஒன்று மேலிடத்திலிருந்து இறங்கி வந்தது. கணினி துறையுடையதாயிற்றே, எழுத்தர் எப்படி உரிமையாளர் ஆவார் என்று சிலர் கேட்டார்கள். கணினி துறையுடையதுதான். அதன் குறைகளுக்கு மட்டும் எழுத்தர் உரிமையாளர்.

அந்தத் துறையில் எதையும் புதிதாக எழுதும் கெட்ட பழக்கம் யாருக்கும் கிடையாது. பழைய கோப்பை எடு, தேதியை மாற்று, பெயரை மாற்று, அனுப்பு. அவ்வளவுதான் நிர்வாகம். ஒரு பொருளை வாங்கிக் கொடுத்துக் கருத்துக் கேட்ட கடைசிக் கோப்பு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது. அப்போது வாங்கியது இரும்பு பீரோ. மேலிடம் அந்தப் படிவத்தையே எடுத்து, 'பீரோ' என்று வந்த இடத்தில் எல்லாம் 'மடிக்கணினி' என்று போட்டு அனுப்பிவிட்டது.

எனவே படிவம் இப்படிக் கேட்டது: மடிக்கணினியின் உள்ளே தட்டுகள் எத்தனை? மடிக்கணினியின் கால்கள் தரையில் சமமாக நிற்கின்றனவா? மடிக்கணினிக்குள் எலி, கரப்பான் புகுகின்றனவா? துரு உண்டா? சாவி யாருடைய பொறுப்பில் உள்ளது? கடைசியில், நிறைகள் எவை, குறைகள் (இருப்பின்) எவை?

இணைப்புப் பிரிவில் புது விண்ணப்பங்களைப் பதிவு செய்யும் எழுத்தர் ஒருத்தி இருந்தாள். அவளைவிட மூத்தவர்கள்கூட 'அக்கா' என்றே கூப்பிடுவதால் நாமும் அப்படியே கூப்பிடுவோம். அக்காவின் புருஷன் பேருந்து ஓட்டுநர். அவரும் ஒன்பது வயது மகளும் இருந்த ஊருக்கு இங்கிருந்து ஏழு மணி நேரப் பயணம். அவர் விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பிவிடுவார். அந்தக் குழந்தை தானே எழுந்து, தானே கோணலாகத் தலை பின்னிக்கொண்டு, தானே வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகும். மூன்று வருஷமாக அக்கா மாறுதல் கேட்டு மனுப் போட்டுப் போட்டு, இந்த வருஷம்தான் உத்தரவு வந்திருந்தது. திங்கட்கிழமை அங்கே பணியில் சேர வேண்டும். தவறினால் உத்தரவு காலாவதி. கையில் உத்தரவைக் கொடுக்க 'நிலுவையின்மைச் சான்று' வேண்டும். அக்காவின் மேஜையில் இருந்த ஒரே நிலுவை அந்தக் கருத்துப் படிவம்தான்.

ஐந்து நிமிட வேலை என்றுதான் அவள் உட்கார்ந்தாள். ஆனால் அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

'தட்டுகள்: இல்லை. கால்கள்: இல்லை. சாவி: கொடுக்கப்படவில்லை' என்று எழுதினாள். நிறைகள்: எழுத்துகள் பெரிதாக, தெளிவாகத் தெரிகின்றன, ஒருமுறை மேஜையிலிருந்து விழுந்தும் உடையவில்லை. குறைகள்: மின்சாரம் போனால் பதினொரு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. மடியில் வைத்தால் தோல் பொசுங்குகிறது. மின்விசிறிச் சத்தத்தில் எதிரே நிற்கும் விண்ணப்பதாரர் பேசுவது காதில் விழுவதில்லை. ஒன்பது என்ற எண்ணை எத்தனை முறை தட்டினாலும் திரையில் விழுவதே இல்லை. அதனால் கதவு எண்ணில் ஒன்பது உள்ள எந்த வீட்டுக்கும் பத்து மாதமாகக் குடிநீர் இணைப்புத் தர முடியவில்லை.

தலைமை எழுத்தர் அதை வாங்கிப் படித்தார். அவருக்கு அலுவலகத்தில் 'முன்மாதிரி' என்று பட்டப்பெயர். முன்மாதிரி இல்லாமல் தும்மக்கூட மாட்டார்.

"என்னம்மா இது? கேட்டதுக்கெல்லாம் பதில் எழுதி வெச்சிருக்கீங்க?"

"பதில் எழுதத்தானே சார் படிவம்?"

"படிவம் பூர்த்தி செய்யறதுக்கும்மா. பதில் எழுதறதுக்கா?" என்றவர் பீரோக் கோப்பைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார். "இந்தா முன்மாதிரி. தட்டுகள் நான்கு. கால்கள் சமம். எலி புகவில்லை. சாவி என்னிடம் உள்ளது. நிறை: உறுதியானது. குறை: இல்லை. ஆபீஸ் மொத்தமும் இதைப் பார்த்துத்தான் எழுதிக் கொடுத்திருக்கு."

"சார், இது பீரோ."

"பெயர் மாத்தியாச்சே!"

"கம்ப்யூட்டருக்குள்ள தட்டு எங்க சார் இருக்கு?"

"சரி, எலி புகுந்துச்சா?"

"இல்ல."

"அப்ப ஒண்ணு உண்மைதானே? ஒண்ணு உண்மையா இருந்தா மத்ததும் சேர்ந்து போயிடும்மா. போய் எழுதுங்க."

அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவேன், என்ன வந்துவிடும் பார்க்கிறேன் என்றாள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு என்ன வருமோ அதுதான் வந்தது. புதன்கிழமை மேலிடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும் கூட்டிப் பார்த்தார்கள். ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டுத் தட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு குறைந்தன. அரசுச் சொத்து காணாமல் போனால் சும்மா விடுவார்களா? மறுநாளே விசாரணைக் குழு ஜீப்பில் வந்து இறங்கியது.

குழுவின் தலைவர் தடிமனான கண்ணாடி போட்டவர். அவருக்குப் பின்னால் அளவு நாடாவோடு ஒருவர். அந்த நாடாக்காரர் அக்காவின் கணினியைத் திறந்தார், மூடினார், புரட்டினார், விரலால் தட்டிப் பார்த்தார். உள்ளே கைவிட்டுப் பார்க்க இடம் தேடினார். கிடைக்கவில்லை.

"தட்டு இல்லதான் சார்," என்றார்.

தலைவர் அக்காவைப் பார்த்தார். "மத்த நானூத்திப் பதினோரு கணினியிலயும் நாலு நாலு தட்டு இருக்கு. உங்ககிட்ட இருக்கறதுல மட்டும் இல்ல. எங்கம்மா போச்சு?"

"எதுலயுமே தட்டு கிடையாது சார். வேணும்னா பக்கத்து மேஜைக் கணினியைத் திறந்து பாருங்களேன்."

"அதை எதுக்குப் பார்க்கணும்? அவங்கதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாங்களே!"

பக்கத்து மேஜைக்காரர் தன் கணினியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"தட்டு காணாம போனது எப்பன்னு ஞாபகம் இருக்கா? கணினி மூடியிருந்தப்பவா, திறந்திருந்தப்பவா?"

"சார், கொடுக்கும்போதே இல்ல சார்!"

"கொடுக்கும்போதே இல்லாததைப் பத்து மாசமா சொல்லாம இருந்திருக்கீங்க," என்று தலைவர் வருத்தத்தோடு குறித்துக்கொண்டார். "சரி, ஒன்பது விழலைன்னு எழுதியிருக்கீங்க. பழுது நீக்கும் பிரிவுக்குச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் சார். குறையே வராததால அந்தப் பிரிவை மூடிட்டாங்களாம்."

"பாருங்க, எவ்வளவு நல்ல கணினி!" என்றார் தலைவர் நாடாக்காரரிடம்.

அறிக்கை மாலைக்குள் தயாராகிவிட்டது. இவ்வளவு வேகமாக அந்தத் துறையில் ஒரு குழாய்கூட அடைக்கப்பட்டதில்லை. தட்டுகள் உண்டு என்பதற்கு நானூற்றுப் பதினொரு சாட்சிகள் இருக்கிறார்கள். இல்லை என்பதற்கு ஒரே சாட்சிதான், அவரும் சம்பந்தப்பட்டவர். ஆகவே தட்டுகள் நான்கும் திரும்ப ஒப்படைக்கப்படும் வரை நிலுவையின்மைச் சான்று வழங்கலாகாது, மாறுதல் உத்தரவு நிறுத்தி வைக்கப்படுகிறது.

அக்கா அறிக்கையை இரண்டு முறை படித்தாள். வெள்ளிக்கிழமை காலை தலைமை எழுத்தர் முன்னால் போய் நின்றாள். மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பெண் குழந்தை உண்டு.

"தட்டைத் திருப்பிக் கொடுத்துடுங்கம்மா, விஷயம் முடிஞ்சுடும்," என்றார்.

"இல்லாததை எப்படி சார் கொடுக்கறது?"

"இல்லாததுதானே காணாம போச்சு? இல்லாததையே கொடுத்துடுங்க. எழுத்துல தொலைஞ்சது எழுத்துலதான் கிடைக்கும். நம்ம ஆபீஸ்ல இதுக்கு முன்மாதிரி நிறைய இருக்கு."

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. மகள்.

"அம்மா, திங்கட்கிழமை நிஜமா வந்துடுவல்ல? எங்க மிஸ்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்."

"வந்துடுவேண்டா கண்ணு," என்றாள் அக்கா. கைப்பேசியை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழலாம் என்று பார்த்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. சத்தமில்லாமல் அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

கோபம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். அக்காவுக்குக் கையெழுத்து அழகாக வரும். புதுப் படிவத்தில் எழுதினாள்: 'தட்டுகள் நான்கும் கண்டெடுக்கப்பட்டு உரிய இடத்தில் பொருத்தப்பட்டன. கால்கள் சமம். சாவி என்னிடம் உள்ளது.' அதோடு விட்டாளா? படிக்கிறவனுக்கு உறைக்கட்டும் என்று நிறைகளையும் ஒன்று விடாமல் எழுதினாள். பதினொரு நிமிடத்தில் அணைவதால் ஊழியர் பத்து நிமிடத்தில் பணியை முடிக்கும் சுறுசுறுப்பைப் பெறுகிறார். மடி சுடுவதால் இருக்கையில் உறங்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது. சத்தத்தால் பொதுமக்களின் புகார்கள் பெருமளவு குறைந்துள்ளன. ஒன்பது என்ற எண் விழாததால் விண்ணப்பங்கள் வடிகட்டப்பட்டு, நிலுவை கணிசமாகச் சுருங்கியுள்ளது. குறைகள்: ஊழியரிடம் மட்டுமே.

குத்திக் காட்டத்தான் எழுதினாள். ஆனால் குத்துவதற்குத் தோல் மெல்லியதாக இருக்க வேண்டும். மேலிடத்தில் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டி, கைதட்டியிருக்கிறார்கள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு உண்மையான கருத்தை நான் படிச்சதில்லை," என்றாராம். மூன்று மணிக்குச் சான்று வந்தது. நாலு மணிக்கு உத்தரவு கைக்கு வந்தது. தலைமை எழுத்தர் அக்காவின் படிவத்துக்கு ஒரு நகல் எடுத்துத் தம் இழுப்பறையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அக்கா மகளுக்குத் தலை பின்னிவிட்டுப் புது அலுவலகத்தில் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் விளக்கு எரிந்தது, வேளைக்குச் சோறு வெந்தது, புருஷன் சிரித்த முகமாக வீடு திரும்பினார். நான்கு தட்டுக்கு இவ்வளவும் கிடைக்கும் என்றால் நாற்பது தட்டுகூட எழுதலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். பிறகு வெட்கப்படுவதற்கு நேரம் கிடைக்கவில்லை.

இதற்கிடையே அவளுடைய கருத்து துறை விட்டுத் துறை நடந்தது. குடிநீர்த் துறையில் குறையே இல்லாமல் நானூற்றுப் பன்னிரண்டு பேர் பாராட்டிய சாதனம் என்றால் சும்மாவா? கல்வித் துறை அதே கணினியைப் பள்ளிக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுத்தது. வாங்கிய கையோடு அதே படிவத்தையும் வாங்கிக்கொண்டது.

ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். கையில் படிவம். அதன் ஓரத்தில் ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'வகுப்பில் நாற்பது பேர் சரியாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகள் மட்டும் அடம்பிடிக்கிறாள். திருத்தி அனுப்பவும். இல்லையெனில் தாயார் நேரில் வரவும்.'

அக்கா படிவத்தைப் பார்த்தாள். தட்டுகள்: இல்லை. கால்கள்: இல்லை. குறைகள்: மூன்று விழவில்லை. அதனால் எனக்குக் கணக்கில் மூன்று வரும் விடை எல்லாம் தப்பாகிறது.

கோணல் மாணலான எழுத்து. ஒவ்வொரு வரியும் அவள் வயிற்றில் பிறந்தது என்று நன்றாகத் தெரிந்தது. ஒரு நிமிஷம் அக்காவுக்கு மனசெல்லாம் பெருமை. அடுத்த நிமிஷம் தடிக் கண்ணாடியும் அளவு நாடாவும் கண் முன்னால் வந்து நின்றன. இந்தக் குழந்தையின் பெயரில் எந்த ஜீப் எங்கே வந்து நிற்கும், எந்தச் சான்று எங்கே நிற்கும்?

"அழிரப்பர் எடுத்துட்டு வா," என்றாள்.

"அம்மா, நான் திறந்து பார்த்துதாம்மா எழுதினேன்!"

"தெரியுதுடி. அதான் தப்பு. அழி. தட்டுகள் நான்குன்னு எழுது."

மகள் கணினியைத் திறந்தாள், மூடினாள், தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாள்.

"எங்கம்மா இருக்கு நாலு?"

"முதல்ல எழுது," என்றாள் அக்கா. "அப்புறம் தேடிக்கலாம்."