சங்கங்குப்பித் தாளில் உள்ள மீன் வாசனை குறித்து

பழவேற்காடு,
பிப்ரவரி 9

உலர்தாவரக் காப்பக அலுவலர் திரு. தமிழ்வேந்தன் அவர்களுக்கு, மனோரமா உலகநாதன் எழுதுவது. வணக்கம். தாங்களும் தங்கள் அலமாரிகளும் பூச்சி அண்டாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் என் கணவரின் செடியைக் கருவாட்டுக்கு நடுவே வைத்து உலர்த்தியதாக இங்கே பேசிக்கொள்கிறார்கள். தவறு. கருவாடு சுற்றி வந்த செய்தித்தாளில்தான் உலர்த்தினேன். அப்போது அதில் கருவாடு இல்லை.

சென்ற வாரம் உங்கள் அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் அழைத்தாள். மறைந்த என் கணவர் 1983இல் தோணிரேவுக் கரையில் சேகரித்த சங்கங்குப்பிச் செடி ஒட்டிய தாளின் குறிப்புச் சீட்டில் ‘இலையில் மீன் வாசனை’ என்றிருக்கிறது, வேறு எவருடைய தாளிலும் அப்படி இல்லை, ஆகவே அவர் அனுப்பிய நாற்பத்தொரு தாள்களிலும் ‘ஐயத்துக்குரியது’ என்று குறிக்கப் போகிறோம் என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றாள். பக்கத்து வீட்டு ஜமுனா கேட்டுக்கொண்டிருந்தாள். மாலையில் மீன் வாங்கப் போனால், “இன்னா டீச்சரம்மா, ஐயாவோட செடிய உப்புக்கண்டம் போட்டுட்டீங்களாமே” என்கிறார்கள்.

செடியைத் தாள்களுக்கு நடுவே வைத்து, பலகையால் அழுத்தி, ஈரம் போகும்வரை நாள்தோறும் தாள் மாற்ற வேண்டும். அவர் பரீட்சை மேற்பார்வைக்காகப் பொன்னேரி போய்விட்டதால் அது என் பொறுப்பு. மூன்றாம் நாள் தூறலில் வீட்டிலிருந்த தாளெல்லாம் நனைந்துவிட்டது, ஜமுனாவின் மாமியார் காரப்பொடி மீன் கருவாடு சுற்றிக் கொடுத்த தாள் மட்டும் காய்ந்திருந்தது, நன்றாகத் தட்டித்தான் விரித்தேன், ஆனால் பூனைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, செடி வைத்த தாள்கட்டை இழுத்துப் போட்டு ஓர் இலையின் நுனியைத் தின்றுவிட்டது (உங்கள் பதிவில் ‘பூச்சி அரித்தது’ என்றிருப்பது பூனை), அவர் வந்து கட்டைப் பிரித்தார், முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார், சீட்டை எழுதினார். அது நாங்கள் பேசிக்கொள்ளாத வாரம். சமாதானமானபோது தாள் தபாலில் போய்விட்டது. பிறகு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் இல்லாததை எழுதும் மனிதர் அல்ல. எனக்குக் கொடுத்த பிறந்தநாள் அட்டையிலேயே ‘வயது 42, நரை தொடக்கம்’ என்று எழுதியவர். பிழை என்னுடையது. வாசனை வரியை நீக்கிவிட்டு, காரணம் மனோரமா என்று என் பெயரைப் போடுங்கள். மற்ற நாற்பது தாள்களை நான் தொட்டதில்லை.

தங்கள் அலுவலகத்தார் அனைவருக்கும் நல்ல உடல்நலமும், தொலைபேசிப் பெண்ணுக்குச் சற்று நிதானமும் கிடைக்கப் பிரார்த்திக்கும்,
மனோரமா உலகநாதன்

பி.கு.: செடியை நேரில் பார்க்காமல் கடிதம் அனுப்புவது முறையல்ல என்று, சோப்புப் போட்டு இருமுறை கைகழுவி, ஜமுனாவுடன் ஆட்டோவில் தோணிரேவு போய், ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். மீன் வாசனை அடிக்கிறது.

“என்னடி இது” என்றேன்.

ஜமுனாவும் முகர்ந்தாள். “என்னக் கேட்டா? எனக்கு மல்லிப்பூவே மீன் வாசனதான். உங்களுக்கு மட்டும் இன்னா, நாப்பது வருசமா இதே காத்துதானே.”

இனி என் மூக்கையும் நம்புவதற்கில்லை. ஆகவே மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். வரியை நீக்க வேண்டாம், என் பெயரையும் போட வேண்டாம். மீன் வாடையே படாத ஊரிலிருந்து ஒருவரை அனுப்பி முகரச் சொல்லுங்கள். அதுவரை அவருடைய தாள்களில் யாரும் எதையும் குறிக்கக் கூடாது. யாரை, எந்த நாளில் அனுப்புகிறீர்கள் என்று எழுத்தில் பதில் தரவும்.