பன்னிரண்டு மணிக்குள் பேட்டரி

தையல்காரர் தலைகீழாகத் தொங்கினார். தலை வேனின் சீட்டுக்கு அடியில். கால் சமையல் மேடை மேல்.

"என்னங்க, மீட்டர்ல எவ்வளவு காட்டுது?" வேன் கதவில் நின்று கேட்டாள் மனைவி.

"பன்னிரண்டு புள்ளி ஒண்ணு."

"காலையிலேயும் அதேதானே?"

"நிதானமான பேட்டரிம்மா. அவசரப்படாது."

வீட்டுச் சுவரிலிருந்து மஞ்சள் கேபிள் இழுத்து சார்ஜரில் போட்டிருந்தார்; சார்ஜ் ஏறினால் பதினாலு வோல்ட் காட்ட வேண்டும். அது அவருக்கும் தெரியும். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே வைத்த பழைய வேன். மூணு நாள் ஏரிக்கரையில் போய்க் கிடக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே விளக்கும் ஃபிரிட்ஜும் இந்த ஒரு பேட்டரியை நம்பித்தான் ஓடும்.

பன்னிரண்டு மணிக்குள் அவர் சரிபண்ணாவிட்டால் மச்சானைக் கூப்பிடுவதாக ஒப்பந்தம். மனைவியின் தம்பி. எலக்ட்ரீஷியன். ரிப்பேர் பண்ண வந்தால் அப்படியே கூடவே கிளம்பிவிடுவான். போன தடவை கட்டிலில் மச்சான் படுத்தான். தையல்காரர் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துத் தூங்கினார்.

"நூல் போற வழியே போனா தையல் எங்க விட்டிருக்குன்னு தெரிஞ்சிடும். வயரும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வயரோடு போனார். வயர் ஒவ்வொரு அலமாரிக்கும் பின்னால் போனது. அவர் ஒவ்வொன்றையும் காலி பண்ணினார். கால் உடைந்த நாற்காலி, ஒற்றைச் செருப்பு நாலு, கம்பி மட்டும் மிஞ்சின குடை, எல்லாம் தெருவில் குவிந்தது.

"அந்தக் கடைசி அலமாரியையும் பார்த்துடுங்களேன்." மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போடுவதற்கு முன்னால் பேசுகிற குரலில் சொன்னாள். அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வரலை.

அதையும் காலி பண்ணிவிட்டு உட்கார்ந்தார். "எல்லாம் பார்த்தாச்சும்மா. சார்ஜர் பக்கத்துல ஒரு சின்ன டப்பா. உள்ள ஒண்ணுமே இல்லை. ஒண்ணுமே இல்லாதது எப்படிக் கெட்டுப்போகும்? விட்டுட்டேன்."

அவள் கைப்பையைத் திறந்து பச்சையாக ஒரு ஃபியூஸ் எடுத்தாள். டப்பாவில் செருகினாள். மீட்டர் விறுவிறுவென்று ஏறிப் பதினாலைத் தொட்டது.

"எர்த் வயர் துருப்பிடிச்சிருந்துச்சு. நேத்தே சுரண்டி முறுக்கிட்டேன். ஃபியூஸை மட்டும் எடுத்து வச்சேன்."

"எதுக்கு?"

"அலமாரியைக் காலி பண்ணுங்கன்னு ஒரு வருஷமாச் சொல்றேன். பண்ணீங்களா?"

அவருக்குக் கோபம் வந்தது. மணியைப் பார்த்தார், கோபம் போய்விட்டது. பதினொண்ணே முக்கால். மச்சான் வரமாட்டான்! குப்பையை அவரே பாட்டுப் பாடிக்கொண்டு தொட்டியில் போட்டார். குதித்து டிரைவர் சீட்டில் ஏறினார்.

"என்னங்க, கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுச் சுவத்துல செருகியிருக்கிற கேபிளைப் பிடுங்கிடுங்க."

"சரி சரி, நீ ஏறு!"

வண்டி சீறியது. பின்னால் டமார். கண்ணாடியில் பார்த்தார். மஞ்சள் கேபிள் வேனைத் துரத்திக்கொண்டு வந்தது. அதன் நுனியில் சுவிட்ச் போர்டு. போர்டோடு ஒட்டிக்கொண்டு அரை முழம் சுவர்.

மனைவி போனை எடுத்தாள்.

"தம்பி, எங்கடா இருக்கே? சுவத்துல போர்டு மாட்டணும், துணிமணியும் எடுத்துட்டு வா. கட்டில் காலியாத்தான் இருக்கு."

அவள் பிடுங்கச் சொன்னது கேபிளை மட்டும்தான்.