சும்மா சொல்லித்தர வந்த டீச்சர்

சம்பளம் வேண்டாம் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் அப்படிச் சொன்னவள்தான்.

மென்பொருள் வேலையை உதறிவிட்டு, கடமலைக்குண்டுப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்குச் சொல்லித்தரப் போனேன். என் திட்டம் தெளிவானது. ஒன்று, படிப்பை நிறுத்தும் பிள்ளைகளைத் திரும்ப அழைப்பது. இரண்டு, பெற்றோரைத் திருத்துவது. மூன்று, ஊரை உயர்த்துவது. (மூன்றுக்கும் சேர்த்து ஒரு வருஷம் ஒதுக்கியிருந்தேன்.) தாளாளர் சால்வை போர்த்தினார். “பழைய கணக்கு டீச்சர் வேலையவிட்டு நின்னுக்கிட்டாக” என்றார். ஏன் என்று கேட்க என் பட்டியலில் இடமில்லை.

முதல் சனிக்கிழமையே வீடு வீடாகக் கிளம்பினேன். முதல் வீட்டு வாசலில் ஒரு அம்மா இலவங்காய் உடைத்துப் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தார். பெண்பிள்ளைகளை ஏன் படிக்கவைக்க வேண்டும் என்று நின்றபடியே விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏ செல்வி, இங்கன வாத்தா. ஒன்னயப் படிக்க வைக்கணுமாம்.”

தலையெல்லாம் பஞ்சோடு என் வயதுப் பெண் ஒருத்தி வந்தாள்.

“எம்.எஸ்சி. கணக்கு, பி.எட். முடிச்சிட்டேன். இன்னும் என்ன படிக்கணும்?”

“அப்புறம் ஏங்க வேலைக்குப் போகல?” (அப்போதும் நான் நிறுத்தவில்லை.)

“போய்க்கிட்டுத்தான் இருந்தேன். சம்பளமே இல்லாம ஒரு அம்மா வாராகளாம். நீ நின்னுக்கன்னு தாளாளர் சொல்லிட்டாக.”

“யாருங்க அது?” என்று கொதித்தேன்.

தாயும் மகளும் என்னையே பார்த்தார்கள். (பொறியியலில் முதல் வகுப்பு நான்.)

“தண்ணி குடிக்கிறீகளா, டீச்சர்?” என்றார் அந்த அம்மா.

நேரே தாளாளரிடம் போனேன்.

“அந்தப் புள்ள சம்பளம் கேக்குது. நீங்க சேவைன்னு வந்தீக. யார வச்சுக்கிறது, நீங்களே சொல்லுங்க” என்று டீ வரவழைத்தார்.

டீயைத் தொடவில்லை. “திங்கக்கிழமை செல்வி வகுப்புல நிக்கலன்னா, ஏன் நிக்கலன்னு வீடு வீடா போய்ச் சொல்வேன். எனக்குச் சம்பளம்தான் இல்ல, நேரம் நிறைய இருக்கு.”

நான் விலகினேன். திங்கட்கிழமை செல்வி வகுப்பில் நின்றாள், முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. “சும்மா வரவே ஆளு இருக்காக” என்று தாளாளர் பேசியே குறைத்திருந்தார். அந்த ஆள் நான். அவர்மேலும் என்மேலும் எனக்கு அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை.

இப்போது நானும் பி.எட். முடித்து, வேறு பள்ளியில் சம்பளம் பேசி வாங்கிச் சொல்லித்தருகிறேன். ஆனாலும் எங்கள் சின்னமனூர் வீட்டில் நான் பாத்திரம் துலக்க எழுந்தாலே, “போச்சு, இன்னைக்கு யாரு வேல போகப்போகுதோ” என்பார் என் அம்மா.

போன ஆவணியில் செல்விக்குக் கல்யாணம். பந்தியில் ஆசையாகச் சாம்பார் வாளியைத் தூக்கினேன். மாலையும் கழுத்துமாக எட்டிப் பார்த்த மணப்பெண் அங்கிருந்தே கத்தினாள்:

“டீச்சர், வாளியக் கீழ வைங்க! பரிமாற ஆளுகளுக்குக் கூலி பேசியிருக்கு!”

பந்தியே சிரித்தது. வைத்துவிட்டேன்.