அசையாமல் இருக்க வேண்டிய தலை

என் அன்புத் தம்பிக்கு, உன் அக்கா பல ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் கருணையால் நானும் உன் அத்தானும் நலம். நீ நலமாக இருக்க மாட்டாய் என்று தெரியும். காரணமே நான்தானே, அதனால் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நடந்ததை நினைத்தால் ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை. உயிருள்ள மூளை எரிக்கும் சக்தியை ஊசி குத்தாமல் காந்தத்தாலேயே அளக்கிறாய் என்று தெரிந்ததும், நானே நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். மூளைக்குச் சக்தி தரும் ஏடிபி என்பது அடுப்பில் மாட்டிய சிலிண்டர், பாஸ்போகிரியேட்டின் என்பது மூலையில் நிற்கும் மாற்று சிலிண்டர் என்று உன் அத்தானுக்கு விளக்கக்கூடச் செய்தேன். படித்து என்ன? "பன்னிரண்டாவது ஆளா நீ வந்து படுத்தா போதும்க்கா, என் ஆய்வு முடிஞ்சுடும்" என்று நம்பிக் கூப்பிட்டாய். மோதிரம், ஊக்கு, கொண்டை ஊசி எல்லாம் எண்ணிக் கழற்றி வைத்தவள், பழக்கத்தைக் கழற்ற மறந்துவிட்டேன். உள்ளே போய்ப் படுத்ததும் அந்தக் காந்த மெஷின் டக் டக்கென்று தட்ட ஆரம்பித்தது. சும்மா கிடப்பானேன் என்று தட்டுக்கு ஒரு தடவை கடவுள் பேரைச் சொன்னேன், மனசுக்குள்தான், ஒவ்வொரு நூறு ஆனதும் கும்பிடத் தலை தானாகக் குனிந்தது. "அக்கா, தலைய ஆட்டாதே!" என்று ஒலிபெருக்கியில் சத்தம் போட்டாய். சரி என்று தலையாட்டினேன். "இப்பவும் ஆட்டுறியே! நான் சொல்றது புரியுதா?" புரிகிறது என்று அதற்கும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிப் பார்த்தேன்: கும்பிட்டது நாலு, உனக்குச் சரி சொன்னது ஏழு. அளக்க வேண்டிய இடம் பதினொரு தடவை நகர்ந்திருக்கிறது. "ஒண்ணும் தேறலக்கா. நாளையிலேர்ந்து மெஷின் வேற குழுவுக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாயே, அதுதான் தாங்கவில்லை. இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இதைப் படிக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்ற அன்றைக்கு, வீட்டில் தலையாட்டினவள் நான் ஒருத்திதான். அதே தலை இப்படிச் செய்துவிட்டது.

வேறு நல்ல ஆளாகப் பார். உன் அத்தானையே கேள். ஒன்றையும் நினைக்காமல் அசையாமல் கிடப்பதில் அவருக்கு முப்பது வருஷ அனுபவம். நான் இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன், இது சத்தியம். உன் உழைப்பு வீண்போகாமல் ஆண்டவன் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
மனம் வருந்தும் அக்கா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் போன் வந்தது. "அடுத்த வாரம் ஒரு மணி நேரம் கிடைச்சிருக்குக்கா, மறுபடி வந்து படுக்கிறியா?" என்றாய். உடனே சம்மதித்தேன். "அக்கா... அக்கா... இன்னும் கோபமா?" என்று கேட்டுவிட்டு நீ வைத்த பிறகுதான் உறைத்தது, நான் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறேன். திருப்பிக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அதனால் எழுத்திலேயே தருகிறேன்: சரி, வருகிறேன்.