ஒளியின் வேகமும் ஒரு நிமிடக்காரரும்

சோம்பேறிகளைப் பற்றி எழுத வேண்டிய அளவு எழுதியாகிவிட்டது. அவர்களை விட்டுவிடுவோம். அவர்கள் வருவதாகச் சொல்வதும் இல்லை, வராமல் நம்மைக் காக்க வைப்பதும் இல்லை. இன்றைக்கு நாம் பார்க்கப்போவது வேகக்காரர் என்கிற இனத்தை.

வேகக்காரரை அடையாளம் காண்பது சுலபம். எந்த இடத்துக்கும் கடைசியாக வருகிறவர் அவர்தான். நேரே போகிற சாலையை விட்டுவிட்டு மோட்டர்வேயில் ஏறி, அங்கே ஊர்ந்து, இறங்கி, மறுபடியும் அதே சாலையில் வந்து சேர்ந்து, அதற்குள் நீங்கள் தேநீர் குடித்து முடித்திருந்தால், நீங்கள்தான் பாதை தெரியாதவர் என்று உங்களுக்கு விளக்குவார். சூப்பர்மார்க்கெட்டில் எந்த வரிசை விரைவாக நகரும் என்று தூரத்தில் நின்றே கணக்குப்போட்டு, போய் நின்று, முன்னால் நிற்கிற அம்மாள் காசோலைப் புத்தகத்தைத் திறந்ததும் அடுத்த வரிசைக்குத் தாவி, அங்கே ரசீதுச் சுருள் தீர்ந்துபோக, முதல் வரிசையில் தமக்குப் பின்னால் நின்றவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போவதைப் பார்த்து நிற்பார். அவருடைய தாரக மந்திரம் 'ஒரு நிமிடம்'. அந்த நிமிடத்துக்கு எத்தனை நிமிடம் என்று இதுவரை யாரும் அளந்ததில்லை.

நியூசிலாந்தின் ஓக்லாந்தில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி லின்ஃபீல்டில் வசித்த சோதிலிங்கம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்து, லண்டனில் ஒளியியல் படித்து, இங்கே மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு சின்னக் கம்பெனியின் பின்னறையில், கறுப்புத் திரைகளுக்கு நடுவே ஒரு கனத்த மேசையைக் கட்டி ஆண்டுகொண்டிருந்தார். வேகம் என்றால் மற்ற வேகக்காரர்களுக்குக் காரும் வரிசையும்தான். சோதிலிங்கத்துக்கு அது ஒளி. அதற்கு மேல் யார் போக முடியும்?

அவருடைய மேசை செய்த வேலை இதுதான். ஒரு கிவிப்பழத்தின் படத்தைப் பார்த்து நல்லதா, வடு விழுந்ததா என்று சொல்லக் கணினிக்கும் கற்றுக்கொடுக்கலாம். மூளையின் நரம்புகளைப் போலப் பின்னிய ஒரு கணக்கு வலை போதும். ஆனால் அந்த வலைக்குள் ஆயிரக்கணக்கான பெருக்கல்களையும் கூட்டல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிப்பதற்குள் அந்தக் காலத்துக் கணினிக்கு நாக்குத் தள்ளிவிடும். சோதிலிங்கம் பழத்தின் படத்தை ஒரு கண்ணாடித் தகட்டில் வரவழைத்தார். வலை கற்றதையெல்லாம் இன்னொரு தகட்டில் வைத்தார். இரண்டுக்கும் ஊடாக லேசரைப் பாய்ச்சினார். ஒளி தகடுகளைக் கடக்கும்போதே பெருக்கல் நடந்துவிடும்; லென்ஸ் அதைக் குவிக்கும்போதே கூட்டல் முடிந்துவிடும். நல்ல பழமென்றால் பச்சை விளக்கு, கழிவென்றால் சிவப்பு. அழகான வேலை. அதில் கேலிக்கு இடமே இல்லை.

கேலிக்கு இடம் அதற்கு முன்னும் பின்னும் இருந்தது. படத்தைத் தகட்டில் ஏற்ற வேண்டும், தகடு நிலைக்கு வர வேண்டும், முடிவைக் கேமரா படிக்க வேண்டும், படித்ததைக் கணினி துப்புரவாக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால், தினமும் காலையில் கண்ணாடிகளையும் லென்ஸுகளையும் மயிரிழை பிசகாமல் நேராக்க வேண்டும். கம்பெனியை நடத்திய திருநாவுக்கரசு, கோயம்புத்தூர்க்காரர், ஒருநாள் பொறுமையாகக் கேட்டார்.

"சார், பழம் வந்ததுலேர்ந்து விளக்கு எரியுற வரைக்கும் மொத்தம் எவ்வளவு நேரம் ஆகுது? அளந்து பாத்தீங்களா?"

"ஒளியின்ர வேகத்தை ஸ்டாப் வாட்ச்சால அளக்கேலாது அரசு," என்றார் சோதிலிங்கம், பரிதாபத்தோடு பார்த்தபடி.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. விரி என்கிற பகுதியில் பழம் தரம் பிரித்து ஏற்றுமதி செய்கிற ஹார்கிரேவ் என்பவர் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேசையைப் பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவர் சரியென்றால் மேசை பிழைக்கும். இல்லையென்றால் திங்கட்கிழமை அது பெட்டிகளுக்குள் போகும். சோதிலிங்கம் கம்பெனியின் மற்றப் பிரிவுக்கு, அதாவது ஊரிலுள்ள அலுவலகங்களில் போட்டோகொப்பி மெஷின் திருத்தப் போவார். இதைத் திருநாவுக்கரசு மறைக்காமல் சொல்லியிருந்தார். சோதிலிங்கம் அந்த வாரம் முழுக்க நிம்மதியாகச் சாப்பிடவில்லை. ஏழு வருட உழைப்பு அந்த மேசை.

வெள்ளிக்கிழமை காலையில் மனைவி சரோஜாதேவி அவரை நேரத்தோடு எழுப்பிவிட்டார். "இஞ்சருங்கோ, இண்டைக்காவது ஒனிஹங்காவால நேர போங்கோ," என்றும் சொன்னார். சோதிலிங்கம் ஓம் என்று சொல்லிவிட்டு மோட்டர்வேயில் ஏறினார். அங்கே ஒரு லொறி குறுக்கே சாய்ந்து கிடந்தது.

வந்து சேர்ந்தபோது ஹார்கிரேவ் ஒரு தட்டுப் பழத்தோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். சோதிலிங்கம் "ஒரு நிமிடம்" என்று கையைக் காட்டிவிட்டுக் கறுப்புத் திரைக்குள் மறைந்தார். நல்ல வேளையாக முந்தின நாளே எல்லாவற்றையும் நேராக்கி வைத்திருந்தார். ஆனால் முக்கியமான ஒரு காரியம் மீதி இருந்தது. எந்தச் செய்முறைக்கும் முன்னால் அவர் பிள்ளையாரை நினைத்து லேசருக்கும் லென்ஸுக்கும் தகடுகளுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். கண்ணாடியில் அல்ல, அதைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில். கற்பூரம் கிடையாது, புகை ஆகாது. தேங்காய் கிடையாது, மேசை அதிரும். இவ்வளவு யோசித்த மனிதர்.

விளக்கைப் போட்டுப் பொட்டு வைத்தால், பிறகு கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் எடுக்கும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றியது. வேகக்காரருக்கு வேறு எப்படித் தோன்றும்? இருட்டிலேயே தடவித் தடவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்.

ஹார்கிரேவை உள்ளே அழைத்து, ஒளி எவ்வளவு வேகமானது என்பதை விரிவாக விளக்கினார். விளக்கம் முடிய வெகுநேரமானது. முதல் பழத்தைக் கேமராவின் கீழ் வைத்தார். காத்திருந்தார்கள். சிவப்பு. இரண்டாவது பழம். சிவப்பு. ஒரு தட்டுப் பழமும் சிவப்பு.

சோதிலிங்கம் தயங்கவில்லை. பழம் சரியில்லை என்றார். ஹார்கிரேவ் மெதுவாக, இந்தப் பருவத்தின் மிகச் சிறந்த பழங்களைத் தானே பொறுக்கி எடுத்து வந்ததாகச் சொன்னார். அப்படியென்றால் பருவம் சரியில்லை என்றார் சோதிலிங்கம். திருநாவுக்கரசு கூரையைப் பார்த்தார்.

கடைசியில் ஹார்கிரேவ்தான் குனிந்து, தகட்டில் விழும் படத்தைக் காட்ட வைத்திருந்த இன்னொரு கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தார். ஒவ்வொரு பழத்திலும் ஒரே இடத்தில் ஒரே அளவில் ஒரு வட்ட வடு இருந்தது. பழத்தை எடுத்தபிறகும் அது அங்கேயே இருந்தது. இது என்ன என்று கேட்டார்.

சோதிலிங்கத்துக்கு உடனே விளங்கிவிட்டது. ஒளியின் வேகத்தில் விளங்கியது என்றே சொல்லலாம். வடுவைக் கண்டுபிடிக்கக் கற்ற வலை, இருட்டில் சட்டம் தப்பித் தகட்டிலேயே விழுந்த பிள்ளையாரின் பொட்டைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது.

"ஒரு நிமிடம்," என்றார்.

சந்தனத்தைத் துடைத்தார். ஈரம் காயக் காத்திருந்தார். துடைத்ததில் தகடு நகர்ந்துவிட்டது. நேராக்கத் தொடங்கினார். ஹார்கிரேவ் ஒரு கத்தியும் கரண்டியும் கேட்டு வாங்கி, கழிவென்று தீர்ப்பான பழங்களை ஒவ்வொன்றாக இரண்டாய் வெட்டிச் சாப்பிட்டார். தட்டில் ஒரே ஒரு பழம் மீந்தபோது எழுந்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். உங்கள் ஒளி அருமையானது, ஆனால் என் பழங்களும் என் லொறிகளும் ஒளியின் வேகத்தில் வருவதில்லையே என்று சொல்லி, அந்தப் பழத்தை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சோதிலிங்கம் நிமிரவே இல்லை. வேலையை நிறுத்தவும் இல்லை. மதியம் சாப்பிடவில்லை. எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் திருநாவுக்கரசு திரையை விலக்கிக்கொண்டு வந்தார். அந்த ஒற்றைப் பழம் கேமராவின் கீழ் இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் சார் ஆச்சு?" என்று கேட்டார் திருநாவுக்கரசு. கேலியாகக் கேட்கவில்லை.

சோதிலிங்கம் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காலமையில இருந்து," என்றார்.

வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே சரியான அளவு அது.

மேசை பெட்டிகளுக்குள் போனது. அதற்குப் பிறகு சோதிலிங்கம் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இனம் அப்படி எளிதில் அழிகிறதா? போட்டோகொப்பி மெஷினின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, பின்னால் பொறுமையிழந்து நிற்கிற குமாஸ்தாப் பெண்ணிடம், இதற்குள்ளும் ஒளிதான் வேலை செய்கிறது, ஒரு பக்கத்தைப் படிக்க அதற்கு இமைப்பொழுதுகூட வேண்டாம், தாமதமெல்லாம் இந்தக் காகிதத்தால்தான் என்று விளக்கிக்கொண்டிருந்தார். காகிதம் நடுவில் சிக்கியிருந்தது. ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நடுவிலே தகடு, லென்ஸ், பெருக்கல் என்று ஒரு பத்தி வந்ததே, அதைப் படித்தீர்களா? அல்லது விரைவாக முடிவுக்குப் போகலாம் என்று தாண்டிவிட்டு, பொட்டு வந்த இடத்தில் ஒன்றும் புரியாமல், திரும்பப் போய்ப் படித்துவிட்டு வந்தீர்களா? அதோ, சமையலறையிலிருந்து உங்களை மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறார்கள். என்ன பதில் சொன்னீர்கள்?